இமைச் சிகிச்சையும் வெயிற் காப்பும்

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நம் அங்கத்தினர் பலரும் அறிவர். மத்திய சர்க்கார் 1955-இல் நிறுவிய அந்நிலையத்தில், நோயைத் தீர்ப்பதோடு, நோயால் குறையுற்ற கை, கால், கண்களைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. அவற்றுள் இமைச் சிகிச்சையைப் பற்றியும், அதன் பின்னர் தழும்பை வெயிலினின்று காப்பதைப் பற்றியும் ஈண்டு கூறுவோம்.

தொழுநோய் முகநரம்பைத் தாக்கினால் இமை முழுவதும் மூடாது. உறக்கத்திலும் கண் திறந்தேயிருக்கும். கருவிழி உலர்ந்து, பஞ்சுத் தூசியும் கடற்கரை மணலும் பட்டுப் புண்ணாகும். சிலருக்குக் கருவிழியில் உணர்ச்சியும் குன்றிவிடுவதால் வலி தோன்றாது. பார்வை மங்கிய பின்னரே விஷயம் தெரியவரும்.

இதற்குச் செய்யும் சிகிச்சைகளுள் ஒன்று, இமைகளின் வெளிக்கோடியைச் சேர்த்துத் தைத்துக் கண் திறப்பைக் குறுக்குவது. மற்றொன்று நுட்பமானது. பல்லைக் கடிக்கும்போது நெற்றிப்பொட்டில் புடைத்தெழும் தசையின் ஒரு பகுதியை இமைகளுடன் இணைத்துவிடுவர். சுமார் 3 வாரம் மெல்ல வேண்டாத கஞ்சி போன்ற உணவே கொடுப்பர். பிறகு பல்லைக் கடித்துக் கண்ணை மூடும் பயிற்சி தொடங்கும். வெற்றிலை மெல்லும்போதெல்லாம் அவர் கண் சிமிட்டுவதைக் கண்டு சிறுவர் நகைக்கக்கூடும். அச்சிமிட்டலே கண்ணைக் காக்கிறது.

தொடக்க நாட்களில் தலையணையை உயர்த்திப் படுத்தலும், கட்டை நனையாமல் காத்தலும், கண்ணைக் கசக்காதிருத்தலும் வேண்டும். தாய்ப்பால், ஆமணக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுதல் அறவே கூடாது. அடுப்புப் புகையும் ஆகாது. சிவப்பு, சீழ், பார்வை மங்கல் இவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் செல்க.

தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்ததென்று வயலுக்கும் தெருவுக்கும் இறங்கிவிடுவோர் பலர். புதிய தழும்பு முதிர 6 மாதம் முதல் 1 வருஷம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். அதுவரை வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் அது கறுத்து, நெடுநாள் மறையாது. கரிய மேனியை வெயில் என்ன செய்யும் என்பது தவறு. மாநிற, கரிய தோலில்தான் தழும்பு எளிதில் கறுக்கிறது. நோய் தீர்ந்தும் ஊரார் பார்வைக்கு அஞ்சுகிறவருக்கு முகத்திலுள்ள இக்கறுப்பு சிறிய விஷயமன்று.

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நேர்வெயிலைத் தவிர்த்தல் நலம். இயலாதபோது அகன்ற விளிம்புள்ள தொப்பியோ குடையோ, அத்துடன் பக்கங்களையும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடியோ கொள்க. முண்டாசு மட்டும் போதாது. அது நெற்றிப்பொட்டை மறைத்தாலும் இமையை மறைப்பதில்லை. மாமல்லபுரத்து மணலும் நடவு வயலின் நீரும் கதிரைக் கீழிருந்து திருப்பியடிக்கும். மேகமூட்டமும் முழுக்காப்பன்று. புண் ஆறியபின், மருத்துவர் சம்மதித்தால், நெற்றிப்பொட்டுத் தழும்பில் 30 எண்ணுக்குக் குறையாத வெயிற்காப்புக் களிம்பு பூசலாம். கண்ணுக்குள் செல்லுமாதலால் இமைக்கு நிழலே ஏற்றது.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒன்று கூறவேண்டும். 1982-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அதை உட்கொள்ளத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவும் அச்சம் விரைவில் நீங்குகிறது. ஆதலின் அவருக்கு நூல் கொடுக்கத் தயங்குவது நியாயமன்று. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் வேலையை வேறொருவருக்கு மாற்றி, மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து அவருக்கு நிழலிலுள்ள தறியை ஒதுக்கலாம். கடன் தவணையையும் சில மாதம் தள்ளிவைக்கத் தீர்மானம் நிறைவேற்றலாம்.