சிறுகதைப் போட்டியும் நடுவுநிலையும்

நண்பர் சிலர் கூடி, ஆளுக்கொரு சிறுகதை எழுதி, அவற்றுள் சிறந்தது இதுவெனத் தமக்குள்ளேயே வாக்களித்துத் தெரிந்தெடுத்தல் மாணாக்கரிடையே காணப்படும் நல்வழக்கங்களுள் ஒன்றாகும். பரிசோ பெரும்பாலும் ஒரு புத்தகம். சில வேளைகளில் அதுவும் இல்லை. இத்தகைய போட்டிக்கு விதிகள் எற்றுக்கு? நண்பர்தாமே, எவ்வாறேனும் எண்ணிக்கொள்ளலாம் என்று பலரும் கருதுகின்றனர். யாமும் ஒருகாலத்து அங்ஙனமே கருதினோம். அக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பதை எமக்கு உணர்த்திய நிகழ்ச்சியொன்றை முதற்கண் கூறி, அதன்பின் பொருளுட் புகுவோம்.

யாம் இருந்த நண்பர் குழுவில் ஓராண்டு 12 பேர் கதை எழுதினர். ஒவ்வொருவரும் தமக்கு மிகப் பிடித்த ஒரு கதைக்கு மட்டும் வாக்களித்தல் வேண்டும் என்பதே விதி. சீட்டுக்களை எண்ணியபோது, இயல்பிலேயே கூச்சமுடைய நண்பர் ஒருவரின் கதைக்கு ஒரு வாக்கேனும் கிடைத்திலது. அவர் புன்முறுவலுடன் எழுந்து சென்றார். கூட்டம் கலைந்தபின் பேசிக்கொண்டிருக்கையில், எம்முள் எழுவர் அக்கதையை இரண்டாவதாக மதித்திருந்தமை தெரியவந்தது. மறுநாள் அதனை அவர்க்கு உரைத்தோம். அவரோ அதனை வெறும் ஆறுதல் மொழியென்றே கொண்டார். அடுத்த ஆண்டு அவர் கதை எழுதவில்லை. அவர்க்குத் தீங்கு கருதியவர் எம்முள் ஒருவருமிலர். யாம் எண்ணிய முறையே அத்தீங்கைச் செய்தது.

அங்ஙனமாயின், வாக்கே இன்றிப் போட்டி நடத்தலாகாதா எனச் சிலர் வினவலாம். அவ்வாறு நடந்ததும் உண்டு. 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் கிழக்கிந்தியத் தீவுகளிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே குளிர்காலம் போலாயிற்று. அந்த 1816ஆம் ஆண்டில், ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் மழையால் அடைபட்டிருந்த பைரன் என்னும் கவிஞர், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று தம் நண்பர்க்குரைத்தார். அக்கூட்டத்தில் கவிஞர் ஷெல்லியும், பின்னர் அவர்தம் மனைவியான மேரியும், பொலிடோரி என்னும் மருத்துவரும் இருந்தனர். பைரன் தொடங்கிய கதை துண்டாகவே நின்றுவிட்டது. அப்போது 18 வயதே நிரம்பியிருந்த மேரி, கதை தோன்றிற்றா என்று காலைதோறும் தம்மை வினவியதாகவும், இல்லையென்றே விடையிறுக்க நேர்ந்ததாகவும் 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் தாமே எழுதியுள்ளார். அவர் கதையே 1818ஆம் ஆண்டில் ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவிற்று.

அவ்வார இறுதியில் அந்நண்பர்கள் வாக்கெடுத்திருப்பின், மேரியின் கதை எண்ணிக்கையிலேயே இடம்பெற்றிராது. எனவே, வாக்கு என்பது ஒரு கதையின் முழு மதிப்பன்று. இன்ன நாளில், இன்ன சிலர், இன்ன முறையால் எண்ணிக் கண்ட முடிவே அஃது. இதனை மறவாதிருப்பின், வாக்கெடுத்தலில் தவறில்லை. வாக்கின்றேல் பலர் ஒருவர் கதையை ஒருவர் ஊன்றிப் படித்தலுமில்லை. ஆதலின் அதனைச் செவ்வனே செய்தல் எங்ஙனம் என ஆராய்வோம். இதில் கூறுகள் இரண்டுள. ஒன்று மதிப்பிடல், மற்றொன்று எண்ணல்.

மதிப்பிடலில் முதலாவது வேண்டுவது, எழுதியவர் பெயரை மறைத்தல். சொல்லியவர் யாவர் என்பதை விடுத்துச் சொல்லிய பொருளையே நோக்குக என்பது நம் முன்னோர் கற்பித்த நெறி. ஆயினும் பெயரைக் கண்ட பின்னர் அதனை நோக்காதிருத்தல் எளிதன்று. கதைகளை எல்லாம் ஒருவரே ஒரே வகை எழுத்தில் படியெடுத்து, எண்ணிட்டு வழங்கின் கையெழுத்தும் மறையும்.

இரண்டாவது, படிக்கும் வரிசை. எல்லாரும் ஒரே வரிசையிற் படிப்பாராயின், முதற்கதை ஏனையவற்றிற்கு அளவுகோலாகிவிடும். இறுதிக்கதை படிப்போரின் சோர்வுக்கு இரையாகும். ஒவ்வொருவரும் வெவ்வேறு கதையிலிருந்து தொடங்குதல் இதற்கு மருந்து. இருமுறை படித்தல் அதனினும் சிறந்த மருந்து. முதன்முறை, முடிவு யாதாகுமோ என்னும் ஆவல் நம்மை இழுத்துச் செல்லும். முடிவறிந்து படிக்கும் இரண்டாம் முறையிலேயே கதையின் கட்டுக்கோப்பு விளங்கும்.

மூன்றாவது, கதை எதனைச் செய்ய முற்பட்டதோ அதனைச் செய்ததா என வினவுதல். நகைப்பூட்ட எழுந்த கதையை உருக்கமில்லை என்று பழித்தலும், உருக்கமான கதையைப் படிப்பினை இல்லை என்று தள்ளுதலும் முறையல்ல. அன்றியும், பொருளின் மேலுள்ள பற்றையும் கதையின் மேலுள்ள மதிப்பையும் பிரித்தறிதல் வேண்டும். தாயின் இறப்பைக் கூறும் கதையைப் படித்துக் கண்ணீர் வந்ததெனின், அக்கண்ணீர் கதையால் வந்ததோ, தாய் என்னும் சொல் ஒன்றினாலேயே வந்ததோ என்று நடுவர் தம்மையே கேட்டுக்கொள்க.

நான்காவதும் தலையாயதும், வாக்குடன் காரணத்தையும் எழுதுதல். ஒவ்வொரு கதைக்கும் இரண்டே வரி போதும்: மனத்தில் நின்றது யாது, தடுக்கி விழச்செய்தது யாது என்பன. காரணம் எழுத முற்படுவோர் தம் விருப்பு வெறுப்பைத் தாமே கண்டு நாணித் திருத்திக்கொள்வர். எழுதியவர்க்கோ அவ்வரிகள் பரிசினும் பெரும்பயன் தரும்.

இனி எண்ணலுக்கு வருவோம். 21 நண்பர் மூன்று கதைகளைப் படித்தனர் என்று கொள்க. அக்கதைகள் தேர், விளக்கு, கிணறு என்பனவாகுக. ஒருவர் தேர், விளக்கு, கிணறு என வரிசைப்படுத்தினார். எழுவர் தேர், கிணறு, விளக்கு என்றனர். வேறு எழுவர் விளக்கு, கிணறு, தேர் என்றனர். எஞ்சிய அறுவர் கிணறு, விளக்கு, தேர் என்றனர்.

முதலிடத்தை மட்டும் எண்ணின், தேர் 8, விளக்கு 7, கிணறு 6 பெறும், தேரே வெல்லும். ஆயின் 21 பேருள் 13 பேர் அதனை எல்லாவற்றினும் கடையில் வைத்தமை காண்க. பிரெஞ்சுக் கடற்படையைச் சார்ந்த கணித அறிஞராகிய போர்தா என்பார், 1770ஆம் ஆண்டிலேயே பாரிஸ் மாநகரின் அறிவியற் கழகத்தில் இக்குறையை எடுத்துக்காட்டி, வரிசைக்கேற்ப எண் வழங்கும் முறையை வகுத்தார். முதலிடத்திற்கு 2, இரண்டாமிடத்திற்கு 1, மூன்றாமிடத்திற்கு 0 என வழங்கின், தேர் 16, விளக்கு 21, கிணறு 26 பெறும். முன்பு கடைசியாயிருந்த கிணறு முதலாவதாயிற்று!

மூன்றாம் முறையொன்றும் உண்டு. முதலிட வாக்குக் குறைந்த கதையை நீக்கி, அதற்குரியோரின் சீட்டுக்களை அவர்தம் அடுத்த விருப்பத்திற்கு மாற்றுவது அது. 1953ஆம் ஆண்டில் முதன்முதல் வழங்கப்பெற்ற ஹியூகோ பரிசுகளுக்கு, உலக அறிவியற் புனைகதை மாநாட்டின் உறுப்பினர் இக்காலத்து இறுதி வாக்கெடுப்பை இம்முறையிலேயே நடத்துகின்றனர். எக்கதையும் தகுதியுடைத்தன்று எனக் கருதுவோர் ‘பரிசில்லை’ என்பதற்கும் அங்கு வாக்களிக்கலாம். நம் கணக்கில் இம்முறையைக் கையாளின், கிணறு முதலில் நீங்கும். அதன் ஆறு சீட்டுக்களும் விளக்கைச் சாரும். விளக்கு 13 வாக்குடன் வெல்லும்.

நண்பர்காள், இதனை உற்று நோக்குமின்! படித்தவர் அவரே, கதைகளும் அவையே, சீட்டுக்களில் ஓரெழுத்தும் மாறவில்லை. எனினும் மூன்று முறைகளால் மூன்று வெற்றியாளர் தோன்றினர். ஆதலின் எண்ணும் முறையைச் சீட்டுக்களைப் பிரித்த பின்னர் முடிவுசெய்தல், வெற்றியாளரையே நாம் தெரிந்தெடுத்தலாகும். கதைகள் கைக்கு வருமுன்னரே முறையை எழுதி வைத்துவிடல் வேண்டும்.

இவற்றுள் குறையற்ற முறை யாதெனின், அத்தகையது ஒன்றுமில்லை. இருவிரு கதைகளாக எடுத்து ஒப்பிடுக எனக் கூறிய கோந்தோர்சே என்னும் பிரெஞ்சு அறிஞரே, முதற்கதை இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது மீண்டும் முதலாவதையும் வெல்லும் விந்தை நிகழக்கூடும் என்று 1785ஆம் ஆண்டில் காட்டினார். மூன்றும் அதற்கு மேற்பட்டனவுமான பொருள்களைப் பலர்தம் விருப்பப்படி வரிசைப்படுத்துங்கால், நியாயமென யாவரும் ஒப்பக்கூடிய சில எளிய நிபந்தனைகளை ஒருங்கே நிறைவேற்றும் முறை இருத்தல் இயலாது என்று கென்னத் ஆரோ என்னும் பொருளியல் அறிஞர் 1951ஆம் ஆண்டில் நிறுவினார்.

ஆயின், குறையற்றது இல்லையென்பதனால் எல்லாம் ஒரு நிகரனவல்ல. சிறு நண்பர் குழுவிற்குப் போர்தாவின் முறையே ஏற்றதென்பது எம் துணிபு. பலர் இரண்டாவதாக மதித்த கதையின் மதிப்பு அதில் ஒளிந்து போவதில்லை. எம் கூச்சமுடைய நண்பரின் கதை, முதலிட வாக்கு ஒன்றுமின்மையால், நீக்கல் முறையில் முதற்கண் நீங்கியிருக்கும். போர்தாவின் முறையிலோ, அவ்வெழுவரின் மதிப்பு எண்ணாக மாறி யாவர்க்கும் புலனாகியிருக்கும். அன்றியும், நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இடுங்கால் தோன்றும் இடரும் இதிலில்லை. ஒருவர் எல்லாக் கதைக்கும் 40க்கும் 50க்கும் இடையே இட, மற்றொருவர் 10 முதல் 90 வரை இடுவாராயின், பின்னவரே தனித்துத் தீர்ப்பளித்தவராவர். வரிசையிலோ யாவரும் ஒப்பர்.

இம்முறைக்குரிய பெருங்குறை, சூழ்ச்சிக்கு இடங்கொடுத்தல். தமக்குப் பிடித்த கதைக்குப் போட்டியாவதைப் பொய்யாகக் கடையில் வைத்துவிடலாம். இதனைச் சுட்டியவர்க்கு, தம் முறை நேர்மையாளர்க்கென்றே வகுக்கப்பட்டது எனப் போர்தா விடையிறுத்ததாகக் கூறுவர். சூழ்ச்சி செய்வோர் பெறும் பயனையும் நம் கணக்கிலேயே காணலாம். விளக்கை விரும்பிய எழுவரும், கிணற்றை வீழ்த்தக் கருதி, அதனைத் தேருக்கும் கீழே தள்ளினர் என்க. அப்போது தேர் 23, விளக்கு 21, கிணறு 19 பெறும். தாம் உள்ளத்தில் கடையில் வைத்த தேருக்கே அவர்கள் மாலை சூட்டியவராவர்!

இன்னும் ஒன்று. எழுதியவரே வாக்களிப்பவருமாயின், ஒவ்வொருவரும் தம் கதையை விடுத்து ஏனையவற்றை வரிசைப்படுத்துக. 12 பேராயின் ஒவ்வொரு கதையும் 11 சீட்டுக்களில் இடம்பெறும்; ஒருவர்க்கும் குறைவில்லை. ஆனால் அவருள் ஒருவர் சோம்பி வாக்களியாது விடின், அவர் கதை 11 சீட்டுக்களில் நிற்க, ஏனையவை 10 சீட்டுக்களிலேயே நிற்கும். சோம்பலுக்குப் பரிசளித்தது போலாகும். ஆகலின், வாக்களியாதார் கதை எண்ணப்படாது என்று முன்னரே விதித்தல் நன்று. அன்றேல், மொத்த எண்ணைச் சீட்டுத் தொகையால் வகுத்துக்கொள்க.

முடிவை அறிவிப்பதிலும் ஒரு பண்பு வேண்டும். முதல் மூன்று கதைகளின் பெயரை மட்டும் அவையில் கூறி, எஞ்சிய எண்களை அவரவர்க்குத் தனியே கொடுத்தல் தகும். கி. மு. 431ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரத்து நாடகப் போட்டியில் யூபோரியன் முதலிடமும், சோபோக்ளிஸ் இரண்டாமிடமும் பெற்றனர். ‘மெடியா’வை அரங்கேற்றிய யூரிப்பிடிஸ் மூன்றாமிடமே பெற்றார். மூவர் போட்டியில் மூன்றாமிடம் கடையிடமே. ஆயினும் அந்நாடகம் இன்றும் உலகின் பல மேடைகளில் ஆடப்படுகின்றது. நடுவர் பிழைத்தனர் என யாம் கூற வரவில்லை. தீர்ப்பு ஒரு நாளைக்குரியது, நூல் பல நாளைக்குரியது என்பதே எம் கருத்து.

ஆதலின், போட்டி நடத்தும் இளைஞர்காள், எண்ணும் முறையை முன்னரே வகுமின், பெயரை மறைமின், இருமுறை படிமின், வாக்குடன் காரணமும் எழுதிக் கொடுமின். எம் நண்பர் கையில் அன்று எழுவர் எழுதிய இரண்டிரண்டு வரிகள் சேர்ந்திருப்பின், அவர் எழுதுகோலைக் கீழே வைத்திரார் என்றே இன்றும் எண்ணுகின்றோம். வென்றவர் ஒருவரே ஆயினும், எழுதிய அனைவரும் மறு ஆண்டும் எழுத வருவாராயின், அப்போட்டியே நன்கு நடந்த போட்டியாம்.