இடம் மாறும் நோவு

கைத்தறிச் சங்கம் ஒன்றின் நூல் வழங்கல் பதிவேட்டை நாம் ஆய்வு செய்தபோது, அங்கத்தினரான ஓர் அம்மையாரின் கணக்கில், பாவு வாங்கிய தேதிக்கும் சேலை ஒப்படைத்த தேதிக்கும் இடையே மாதந்தோறும் பெருந் தாமதம் காணப்பட்டது. விளக்கம் கேட்டோம். முதல் வாரம் தோளில் நோவு என்றார். அடுத்த வாரம் அது இடுப்புக்கு இறங்கிவிட்டது என்றார். பின்னர் முழங்கால், மறுபடியும் கழுத்து. வீக்கமில்லை, காய்ச்சலில்லை, இரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் குறை ஒன்றும் காணவில்லை. "நாளுக்கோர் இடத்திலா நோகும்?" என்று நிர்வாகக் குழுவினர் நகைத்தனர். நாமும் அவர் பெயருக்கெதிரே "வேலையில் அக்கறைக் குறைவு" என்று குறித்து வைத்தோம். அக்குறிப்பு தவறானது. எவ்வாறு தவறானது என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறோம்.

நோவு கண்ட இடத்தில் ஏதேனும் பழுது இருக்க வேண்டும் என்பது நமது எண்ணம். பெரும்பாலும் அது சரியே. குழித்தறியில் குனிந்திருப்பவருக்கு இடுப்பும், நாற்று நடுபவருக்கு முதுகும் நோவது உழைப்பினால். அந்நோவு தன் இடத்தை விட்டு அகலாது, ஓய்வு கொடுத்தால் தணியும். பைப்ரோமயால்ஜியா என்னும் நோயின் இயல்பு வேறு. உடலின் மேலும் கீழும், இருபுறமும் நோவு பரவி நிற்கும். இன்று ஓங்கிய இடத்தில் நாளை அடங்கி, வேறோர் இடத்தில் தலைதூக்கும். தீராத அயர்ச்சியும், உறங்கி எழுந்தும் உறங்காதது போன்ற களைப்பும், மறதியும் உடன் வரும். நம் ஊர்களில் "வாயு ஓடுகிறது" என்பர். ஓடுவது வாயுவன்று, ஆயினும் ஓடுகிறது என்ற சொல் பொருத்தமே. நூறு பேரில் 2 முதல் 4 பேர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர். அவருள் பெண்களே மிகுதி. ஐந்நூறு அங்கத்தினர் கொண்ட சங்கத்தில் பத்துப் பேரேனும் இருக்கக்கூடும்.

1904 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், தசையைச் சூழ்ந்த நார்களின் அழற்சியே இத்தகைய நோவுக்குக் காரணம் எனக் கருதி, அப்பொருள்படப் பெயரும் இட்டார். பின்வந்தோர் தேடியும் அழற்சி கிட்டவில்லை. எனவே 1976 இல் அழற்சி என்ற பொருளை நீக்கி இப்போதைய பெயரை வழங்கினர்.

பழுது எங்கே என்பதற்குச் சங்கக் கிடங்கின் தராசை எண்ணிப் பாருங்கள். தராசில் கோளாறு இருப்பின், ஐந்து கிலோ நூல் எட்டுக் கிலோவாகக் காட்டும். நூலை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் குற்றம் தென்படாது. நோவை நிறுக்கும் தராசு நரம்பு மண்டலமும் மூளையும் ஆகும். 2002 இல் அமெரிக்காவில் கிரேஸ்லி என்பவரும் குழுவினரும் நோயாளிகள், நலமுடையோர் ஆகிய இரு சாராரின் கட்டைவிரல் நகத்தையும் அழுத்தி, அவ்வேளையில் மூளையின் இரத்த ஓட்டத்தைப் படம் பிடித்தனர். நலமுடையோர் பொருட்படுத்தாத அழுத்தத்திலேயே நோயாளிகளின் மூளையில் நோவுக்குரிய பகுதிகள் விழித்துக்கொண்டன. அதே நிலை நலமுடையோரிடம் தோன்ற, மிக அதிகமான அழுத்தம் தேவைப்பட்டது. ஆகவே அந்நோவு நடிப்பன்று. எந்த உறுப்பின் மீது அன்றைய பாரம் விழுகிறதோ, நாடா எறிந்த கையோ, மிதி மிதித்த காலோ, அங்கே அது ஓங்குவதில் வியப்பில்லை.

உறக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1975 இல் டொரன்டோ நகரில் மால்டாப்ஸ்கி என்னும் மருத்துவர், நலமுடைய சிலரின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் ஓசையால் கலைத்துவர, சில இரவுகளிலேயே அவர்களுக்கும் உடல்நோவு கண்டது.

நோயை அறியும் முறையும் மாறியுள்ளது. 1990 இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி வகுத்த விதிப்படி, உடலில் குறித்த 18 இடங்களை ஏறத்தாழ 4 கிலோ விசையில் அழுத்தி, 11 இடங்களில் நோக வேண்டும் என்றனர். இடம் மாறும் நோவை ஒருநாள் அழுத்திப் பார்த்து எண்ணுவது, ஒருநாள் இருப்பை மட்டும் சரிபார்த்து ஆண்டுக் கணக்கைத் தீர்மானிப்பது போன்றதே! 2010 இல் வகுத்த விதியில் அழுத்திப் பார்ப்பது தேவையற்றதாயிற்று. சென்ற ஒரு வாரத்தில் 19 பகுதிகளில் எங்கெங்கு நொந்தது என்றும், களைப்பு, உறக்கம், நினைவு பற்றியும் கேட்டறிகின்றனர். மூன்று மாதமேனும் இந்நிலை நீடித்திருக்க வேண்டும்.

மூட்டு வீக்கம், காய்ச்சல், உடல் மெலிவு, கைகால் மரத்தல் அல்லது வலுவிழத்தல் காணின் அது வேறு நோயாகலாம். தைராய்டு சுரப்புக் குறைவும், வைட்டமின் டி குறைவும் உடல்நோவைத் தரும். ஆகவே பரிசோதனை அவசியம். அதில் குறை காணவில்லை என்பதால் நோயே இல்லை என்று பொருளாகாது.

கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழற்சியைத் தணிக்கும் அம்மாத்திரைகளால் அழற்சியில்லாத இந்நோய்க்குப் பயன் சொற்பம். தொடர்ந்து உண்டால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும். நீர் அருந்தாமல் வெயிலில் உழைக்கும் விவசாயிக்குக் கேடு இன்னும் அதிகம். ஸ்டீராய்டும் உதவாது. அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின், பிரிகாபாலின் போன்றவற்றை மருத்துவர் சிலருக்குத் தருவர். சிலருக்கே பலன் உண்டு. 2017 இல் ஐரோப்பிய வாதநோய்ச் சங்கத்தின் பரிந்துரைகளில் உறுதியாக ஆதரிக்கப்பட்டது உடற்பயிற்சி ஒன்றே. பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

நோவு தணிந்த நாளில் இரவு பகலாக நெய்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதே நெசவாளர் பலர் செய்யும் பிழை. நல்ல நாளிலும் பொல்லாத நாளிலும் இயன்ற அதே சில முழமே நெய்வது மேல். ஆனால் கெடுத் தேதி நெருங்கும்போது யார்தான் அப்படி நெய்வர்? பிழையில் பாதி சங்கத்தினுடையது. மருத்துவச் சான்று தரும் அங்கத்தினருக்குச் சிறு பாவு வழங்குதல், தேதியை நீட்டித்தல், முடித்தவரை கூலி அளித்தல் ஆகிய மூன்றையும் நிர்வாகக் குழுவின் பார்வைக்கு வைத்தோம். அம்மையாரின் பெயருக்கெதிரே இருந்த பழைய குறிப்பை அடித்துவிட்டு, "நோயின் காரணமாகத் தாமதம்" என எழுதிக் கையொப்பமிட்டோம். குழுவினர் பின்னிரண்டையும் ஏற்றனர். சிறு பாவுக்குச் செலவு மிகும் என்று, அதனை மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துள்ளனர்.