கொரியாவுக்குப் புறப்படும் மலையகத்தாருக்கு

பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து தென்கொரியாவுக்கு வேலைக்குச் செல்ல விரும்புவோர், 2004இல் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதி முறைமை, அதாவது அரசுகளுக்கிடையிலான ஆட்சேர்ப்பு ஏற்பாடு, தனியார் முகவருக்கு இடமளிப்பதில்லை என்பதை அறிந்து, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியாக மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். இடைத்தரகருக்கு ஒரு சதமும் கொடுக்கலாகாது.

மொழித் தேர்வைக் கண்டு தமிழர் அஞ்ச வேண்டியதில்லை. கொரிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது, தந்தை அங்கும் ‘அப்பா’ என்றே அழைக்கப்படுகிறார். மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கிய ஹங்குல் எழுத்துமுறையில் 14 அடிப்படை மெய்களும் 10 அடிப்படை உயிர்களும் ஒரே கட்டத்துக்குள் இணைந்து அசையாவதை, உயிர்மெய் பயின்றவர் விரைவில் புரிந்துகொள்வார். ‘வா’, ‘வாருங்கள்’ என்பவற்றுக்கிடையிலான வேறுபாட்டைப் போன்ற மரியாதை விகுதிகள் அங்கு இன்னும் பலவாதலால், அவற்றுக்கே கூடுதல் பயிற்சி தேவை.

கிம்ச்சி என்பது கோவாவை உப்பிட்டு மிளகாய்த்தூளுடன் புளிக்கவைக்கும் உணவு. பார்வைக்கு மரக்கறியாகத் தோன்றினாலும் அதில் பெரும்பாலும் மீன் அல்லது இறால் ஊறல் சேர்க்கப்படுவதால், விரதம் காப்போர் கேட்டறிந்தே உண்ண வேண்டும். மாட்டிறைச்சி தவிர்ப்போர் ‘சோகொகி’ என்ற சொல்லையும், பன்றியிறைச்சி தவிர்ப்போர் ‘துவேஜிகொகி’ என்ற சொல்லையும் மனத்தில் இருத்துவது நன்று.

மூத்தவர் உண்ணத் தொடங்கும்வரை காத்திருப்பதும், பொருளை இரு கைகளாலும் கொடுப்பதும் நமக்குப் புதியவையல்ல. ஆயினும் உணவுக் குச்சிகளைச் சோற்றில் நிமிர்த்திக் குத்துதல் இறந்தோருக்கான படையலை நினைவூட்டுவதால், அதை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.