அட்லாண்டாவில் எத்தனை பேர்?

மகன் அட்லாண்டாவில் இருப்பதாகச் சொல்கிறான். முகவரியிலோ 'கம்மிங், ஜார்ஜியா' என்றிருக்கிறது. அட்லாண்டாவின் மக்கள்தொகையும் ஓரிடத்தில் 5 லட்சம், இன்னோரிடத்தில் 60 லட்சம். எதை நம்புவது?
– வாசகர், திருச்சி

இரண்டையும் நம்பலாம், மகனையும் சேர்த்து! 2020 சென்சஸ்படி அட்லாண்டா நகர எல்லைக்குள் வசிப்பவர்கள் 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 60 லட்சம் என்பது அட்லாண்டா மெட்ரோ பகுதியின் கணக்கு. இதற்கு நகர எல்லையைப் பார்ப்பதில்லை. கவுன்டிகளை முழுசு முழுசாகச் சேர்க்கிறார்கள். (கவுன்டி நம்மூர் மாவட்டம் மாதிரி, ஆனால் பொடிசு. ஜார்ஜியாவில் மட்டும் 159!)

குறைந்தது 50,000 பேர் வாழும் நகர்ப்புறம் பரவிக் கிடக்கும் கவுன்டிகள்தான் மையம். பக்கத்துக் கவுன்டியில் வேலைக்குப் போகிறவர்களில் கால்வாசிப் பேராவது அந்த மையத்துக்குப் போய்வந்தால், அதுவும் உள்ளே. மாநில எல்லைகூடத் தடையில்லை: ஜார்ஜியாவின் கொலம்பஸ் மெட்ரோவில் அலபாமாவின் ரஸ்ஸல் கவுன்டியும் உண்டு.

கம்மிங் இருக்கும் ஃபோர்சைத் கவுன்டி அட்லாண்டா மெட்ரோவில் சேர்ந்ததுதான். ஆனால் மெட்ரோ என்பது வெறும் புள்ளிவிவரக் கணக்கு. அதற்கென்று மேயர் கிடையாது. மகன் அங்கே வீடு வாங்கினால் கவுன்டிக்கான சொத்து வரி போவது ஃபோர்சைத்துக்கே.