பி2 தேறினால் பாடம் நடத்தலாமா?

கேள்வி: ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை தேறியிருக்கிறேன். பயிற்சி மையம் ஒன்றில் பாடம் நடத்தக் கூப்பிடுகிறார்கள். மொழி தெரிந்தால் போதாதா, தனிப் பயிற்சியும் வேண்டுமா?
- வாசகி, கோவை

பதில்: வாழ்த்துகள்! ஆனால் மொழி தெரிவது வேறு, கற்றுக்கொடுப்பது வேறு. ஜெர்மனில் 'ஷோன்' என்றால் 'ஏற்கெனவே'. அதன் 'ஓ' எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி வைத்தால் 'அழகான'. "சரியாகச் சொல்" என்று அதட்டினால் அந்த ஒலி வராது. 'ஏ' என்று இழுத்தபடி, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவிக்கச் சொல்லுங்கள், வந்துவிடும். 'வைல்', அதாவது 'ஏனென்றால்', என்று தொடங்கும் துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும். தமிழிலும் அப்படித்தானே என்று காட்டினால் பாதி பயம் போய்விடும். மாணவர் எங்கே தடுக்குவார் என்று முன்கூட்டியே அறிந்து கை கொடுப்பவரே ஆசிரியர்.

இது பயிற்சியால் வருவது. முதலில் அடுத்த படியான சி1 நிலைக்கு உயருங்கள். நம் நாட்டில் மாக்ஸ் முல்லர் பவன் என்று அறியப்படும் கதே நிறுவனம், ஆசிரியர்களுக்கென்றே 'டாய்ச் லேரன் லேர்னன்' பயிற்சியை நடத்துகிறது. அதில் படித்ததை வகுப்பில் சோதித்துப் பார்ப்பதும் பாடத்தின் ஒரு பகுதி.

பாடம் நடத்தத் தொடங்கியதுமே செய்யக்கூடியது ஒன்று: உங்கள் வகுப்பில் பத்து நிமிடத்தைப் பதிவுசெய்து கேளுங்கள். நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள், மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கணக்கிடுங்கள். அவர்கள் பங்கு கூடக் கூட, நீங்கள் நல்ல ஆசிரியராகிக்கொண்டிருக்கிறீர்கள். தயங்காமல் தொடங்குங்கள், கற்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.