வீட்டுக்குள் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

பெங்களூரு நகரின் பிரேசர் டவுனில் அமைதியான நேரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1910ஆம் ஆண்டு உருவான இக்குடியிருப்புக்கு ஸ்டூவர்ட் பிரேசர் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயர் இடப்பட்டது. பின்னர்ப் புலிகேசி நகர் என்று பெயர் மாற்றப்பட்டும் பழைய பெயரே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. விடியலில் பள்ளிவாசலின் பாங்கொலி எழும். தேவாலய மணி ஒலிக்கும். கிழக்கு ரயில் நிலையத்தைக் கடக்கும் வண்டிகள் ஊதிச் செல்லும். மசூதிச் சாலையில் ஆட்டோக்களின் இரைச்சல் நள்ளிரவிலும் ஓய்வதில்லை. இங்கு வாழ்வோர் இவற்றைக் கேட்டும் கேளாதவர்போல் இருக்கப் பழகியவர்கள். மைக் எனப்படும் ஒலிவாங்கிக்கு அந்தப் பழக்கம் இல்லை. பாடும் குரலையும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் அது ஒன்றாகவே ஏற்றுக்கொள்ளும். வீட்டில் ஒலிப்பதிவு கற்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டிய உண்மை இதுவே.

வீட்டு அறையில் பாட்டைப் பதிவு செய்வது புதுமையன்று. 1902ஆம் ஆண்டு கிராமபோன் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்தார். விடுதி அறைகளையே அவர் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். அங்கே புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜான் பாடினார். அக்காலத்தில் மின் ஒலிவாங்கி இல்லை. பெரிய கொம்பு போன்ற குழாயை நோக்கி உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். அந்தத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலில் சென்று இசைத்தட்டுகளாகத் திரும்பின. பாடியவர் யார் என்பதை அயல்நாட்டுத் தொழிலாளர் அறியும்பொருட்டு, பாட்டின் முடிவில் அவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். கௌஹர் ஜான் தம் இறுதிக் காலத்தில் மைசூரு அரண்மனைக் கலைஞராக இருந்து, 1930ஆம் ஆண்டு அந்நகரிலேயே மறைந்தார். கர்நாடக மண்ணில் வளரும் குழந்தைகள் அறிய வேண்டிய பெயர் அது.

தமிழ்நாட்டில் வீட்டு ஒலிப்பதிவுக் கூடம் என்றதும் நினைவுக்கு வருவது சென்னைக் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி அமைத்த கூடமே. ஆர். கே. சேகர் என்னும் இசையமைப்பாளரின் மகன் அவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் வாழ்ந்தது. சிறுவயதிலேயே கீபோர்டு வாசிப்பவராகத் திரைப்பட ஒலிப்பதிவுகளுக்குச் செல்லத் தொடங்கினார். 1980களின் இறுதியில் தமக்கென ஒரு கூடம் கட்டியபோது, அங்கே குளிர்சாதனமும் ஓர் அலமாரியும் தரைவிரிப்பும் மட்டுமே இருந்தன. கருவி வாங்கப் பணம் இல்லை. தாயார் தம் நகைகளை அடகு வைக்கக் கொடுத்த பிறகே முதல் பதிவுக்கருவி வந்தது. இதனை அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். நகை அடகுக்குப் போவது தமிழ்க் குடும்பங்களில் எளிய செய்தியன்று. பெரும்பாலும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் திருமணத்துக்குமே அது நிகழும். மகனின் இசைக்கருவியையும் அந்த வரிசையில் வைத்தார் அத்தாய்.

விளம்பரங்களுக்கான சிறு இசைத்துணுக்குகள் அக்கூடத்தில் உருவாயின. 1992ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படத்தின் பாடல்களும் அங்கேயே பதிவாயின. எச். ஸ்ரீதர் என்னும் ஒலிப்பொறியாளர் அவருக்குத் துணைநின்றார். அப்படத்தின் இசைக்குத் தேசிய விருது கிடைத்தது. அதற்கு முன்னும் பெரிய கூடங்களில் நல்ல இசை பிறந்தது உண்மையே. ஆனால் அங்கே நேரத்துக்குக் கட்டணம் உண்டு. பல இசைக்கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து வாசிக்கையில் ஒருவர் தவறினால் பாட்டை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்த காலமும் இருந்தது. சொந்தக் கூடத்தில் இரவு முழுவதும் ஒரே ஓசையைத் திருத்தித் திருத்திப் பார்க்கலாம், கேட்பார் இல்லை. அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் என்னும் இளம்பாடகியும் அவர் அண்ணனும் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் உருவாக்கிய இசைத்தொகுப்பு 2020ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றது.

இனித் தொழில்நுட்பம். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். மூன்று மீட்டர் அகலமுள்ள அறையின் நடுவில் நின்று பாடினால், குரல் சுவரில் மோதித் திரும்ப ஏறத்தாழ 100இல் ஒரு பங்கு நொடியே ஆகும். இத்துணை விரைவில் திரும்பும் ஒலியைக் காது தனியே எதிரொலியாகப் பிரித்தறியாது. எனினும் ‘குளியலறையில் பாடியதுபோல் இருக்கிறது’ என்று கேட்பவர் சொல்வார். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் சரியாகும் என்று பலர் நம்புகின்றனர். அதனால் வெளி ஓசை தடைப்படாது. அறையின் எதிரொலியும் மிகச் சிறிதே குறையும். ஓசையைத் தடுப்பது கனம். எதிரொலியை உறிஞ்சுவது தடிப்பான மென்பொருள். இரண்டும் வேறு வேறு. பஞ்சு மெத்தை, கம்பளி, மடித்துத் தொங்கவிட்ட ஜமக்காளம், துணிகள் நிறைந்த திறந்த அலமாரி ஆகியவை வீட்டிலேயே உள்ளன. வெளி ஓசையைத் தடுக்கக் கனமான சுவர் எழுப்ப இயலாதவர் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் பதிவு முடியும்வரை ஓய்வெடுக்கட்டும். பதிவு முடிந்ததும் குளிர்பதனப் பெட்டியை மறவாமல் இயக்க வேண்டும். மறந்தால் பால் கெடும், வீட்டில் இசைக்குக் கெட்ட பெயரும் வரும்.

கணினி ஒலியை அப்படியே விழுங்குவதில்லை. நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. மனிதச் செவி கேட்கும் உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 20,000. அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அந்த ஒலியைத் திரும்பப் பெற முடியும். குறுந்தகட்டுக்கும் அந்த எண்ணே தேர்ந்தெடுக்கப்பட்டது. அளவுகாட்டி சிவப்பைத் தொடும்படி உரக்கப் பதிவு செய்தால் ஒலியலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்டதைப் பிறகு ஒட்டவைப்பது அரிது. மெல்லப் பதிந்ததை உயர்த்திக்கொள்ளலாம். ஆகவே சற்றுத் தாழ்த்திப் பதிவதே நன்று.

சுருதி, தாளம், குரல் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களில் பதிவது வழக்கம். குரலைப் பதியும்போது சுருதியை ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்க வேண்டும். இல்லையெனில் அதுவும் குரலின் தடத்தில் புகுந்துவிடும். பின்னர் எல்லாத் தடங்களையும் கலக்கும்போது தொடக்கநிலைக் கற்போர் ஒவ்வொன்றாக உயர்த்திக்கொண்டே செல்வர். குரல் கேட்கவில்லை என்றால் மற்றவற்றைத் தாழ்த்துவதே சரியான வழி.

பிரேசர் டவுனின் தமிழ் வீடுகள் சிலவற்றில் தாத்தாவும் பாட்டியும் உள்ளனர். சொந்த ஊரின் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் அறிந்தோர் அவர்களிலும் உண்டு. பேரக்குழந்தைகளோ வீதியில் கன்னடமும் உருதுவும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகின்றனர். பாட்டி அறிந்த பாட்டு பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைப் பதிவு செய்ய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கைப்பேசியே தொடக்கத்துக்குப் போதும். அவர் வழக்கமாக அமரும் இடத்திலேயே அமரட்டும். வளையல் ஒலிக்காதபடி கைகளை மடியில் வைத்துக்கொள்ளட்டும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் மூச்சுக்காற்று மோதாது. முதல் முறை அவர் வெட்கப்பட்டு நிறுத்துவார். இரண்டாம் முறை மறந்த அடி நினைவுக்கு வரும். எனவே நிறுத்தாமல் பதிவது நல்லது. சுருதியைத் திருத்தும் மென்பொருளை இப்பதிவில் பயன்படுத்தலாகாது. இடையில் வரும் இருமலையும் வெட்ட வேண்டா. பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் செய்ததுபோல் அவர் தம் பெயரையும் ஊரையும் சொல்லட்டும். பெயரில்லாத ஒலிக்கோப்பு பத்து ஆண்டுகளுக்குப் பின் யாருடையது என்றே தெரியாமல் போகும்.

பயிற்சி

1. ஓசையைத் தடுப்பதற்கும் எதிரொலியை உறிஞ்சுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொன்னது ஏன்?
3. ‘இருமலையும் வெட்ட வேண்டா’ என்னும் கருத்தை ஏற்கிறாயா? காரணம் தந்து எழுதுக.
4. வீட்டுப் பெரியவர் ஒருவர் பாடும் பாட்டைப் பதிவு செய்து, அதில் பொருள் விளங்காத ஐந்து சொற்களை அவரிடமே கேட்டு எழுதி வருக.