கணையம்: ஆறாத வீக்கமும் அரும்பும் புற்றும்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடன் வரவும் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா கேட்டார். "எங்க வீட்டுக்காரருக்கு நாலு வருசமா மேல்வயித்துல வலி வரும், போகும். அல்சர்னு மாத்திரை வாங்கிப் போட்டோம். இப்ப ஸ்கேன் எடுத்துட்டு கணையத்துல வீக்கம்னு சொல்றாங்க. அது புத்துநோயா மாறுமா?"

எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. படித்தும், மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே பாடமாகத் தருகிறோம். வாசிக்கத் தெரிந்தவர் கூட்டத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கணையம் எங்கே இருக்கு?

இரைப்பைக்குப் பின்னால், முதுகுப் பக்கமாக, ஒரு சாணுக்கும் குறைவாக, சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு வேலை. ஒன்று, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரப்பது. இன்னொன்று, இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பது. அந்தச் செரிமான நீர் கறியையே கரைக்கக் கூடியது. அதனால் கணையம் அதை வீரியம் இல்லாத நிலையில்தான் வைத்திருக்கும். குடலுக்குப் போன பிறகுதான் அதற்கு வேகம் வரும்.

வீக்கம் என்றால் என்ன?

களை எடுக்கும்போது அரிவாள் பட்டால் விரல் சிவந்து வீங்குகிறது. காயத்தை ஆற்ற உடம்பு ஆள் அனுப்பி வேலை செய்கிறது என்று அர்த்தம். இதை அழற்சி என்பார்கள். நாலு நாளில் ஆறிவிட்டால் நல்லது. அதே இடத்தில் தினமும் வெட்டுப்பட்டால் எப்படி ஆறும்?

கணையத்திலும் அப்படித்தான். சாராயம், பீடி சிகரெட், பித்தப்பைக் கல், பரம்பரைக் காரணம் இவற்றால் செரிமான நீர் கணையத்துக்குள்ளேயே வேகம் பெற்று, கணையத்தையே அரிக்கிறது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் அந்த இடம் தழும்பாகி இறுகிவிடும். குடியே தொடாத இளவயதினருக்கும் கணையத்தில் கல் சேர்ந்து வருகிற ஒரு வகை தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் உண்டு. அதனால் "கணைய நோயா, அப்ப குடிகாரர்தான்" என்று யாரையும் பேச வேண்டாம்.

செல்லுக்குள் ஒரு துப்புரவு வேலை

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. நாம் பழைய சேலையைத் தூளி கட்டுகிறோம், கிழிந்த பிறகு கைப்பிடித் துணி ஆக்குகிறோம். செல்லும் தனக்குள் பழுதான பாகங்களை ஒதுக்கி, உடைத்து, அதிலிருந்து புதுப் பொருள் எடுத்துக்கொள்கிறது. இதற்குத் தன்னுண்ணல் என்று பெயர். இது எப்படி நடக்கிறது என்று ஈஸ்ட்டை வைத்துக் கண்டறிந்த ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கணைய அழற்சியில் இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. குப்பை ஒதுக்கப்படுகிறது, ஆனால் உடைபடுவதில்லை. தேங்கிய இடத்தில் செரிமான நீர் வேகம் பெறுகிறது, வீக்கம் கூடுகிறது. வீக்கம் கூடினால் துப்புரவு இன்னும் கெடுகிறது. ஒன்று மற்றதை வளர்க்கிறது.

புற்று எங்கே அரும்புகிறது?

வீக்கம் வந்தால், நீர் சுரக்கும் செல்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள உருவம் மாறும். வீக்கம் வடிந்ததும் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்தச் செல்லில் கேராஸ் என்ற மரபணுவில் பழுது இருந்தால் திரும்ப முடியாது. அப்படி நின்றுபோன செல்கள்தான் புற்றின் முதல் அரும்பு. கணையப் புற்று வந்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் இந்தப் பழுது இருக்கிறது.

பழுது மட்டும் போதுமா? ஸ்பெயின் விஞ்ஞானிகள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த எலிகளுக்கு இந்தப் பழுதை மட்டும் உண்டாக்கியபோது புற்று வரவில்லை. கூடவே நாள்பட்ட கணைய வீக்கமும் இருந்தபோது வந்தது. விதை இருந்தாலும் முளைக்க ஈரமும் வேண்டும் என்பது போல.

புற்று வளர்ந்த பிறகு கதை மாறுகிறது. முதலில் வீட்டைக் காத்த துப்புரவு வேலையை, பிறகு புற்றுச் செல் தன் சாப்பாட்டுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அதனால் "பட்டினி கிடந்தா செல் தானா சுத்தமாகி புத்து கரைஞ்சிடும்" என்று செல்போனில் வரும் செய்தியை நம்பாதீர்கள். ஏற்கெனவே உடம்பு இளைத்தவரைப் பட்டினி போடுவது அவரை இன்னும் பலவீனமாக்கும்.

பயப்பட வேண்டுமா?

ஆறு நாடுகளில் செய்து 1993-ல் வெளியான ஆய்வில், நாள்பட்ட கணைய அழற்சி உள்ள 100 பேரில் 20 வருடத்தில் சுமார் 4 பேருக்குத்தான் புற்று வந்தது. பெரும்பாலோருக்கு வரவில்லை. ஆனாலும் மற்றவர்களைவிட இவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். அதனால் பயத்தைவிடக் கவனம்தான் தேவை.

எங்கள் தவறு ஒன்று

வேறொரு ஊரில் ஒரு உறுப்பினருக்குக் கண் மஞ்சளாக இருந்ததைக் கூட்டத்தில் பார்த்தோம். வலி இல்லை என்றார். கீழாநெல்லி சாப்பிடுவதாகச் சொன்னார். "நல்லது, பத்தியமா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம். இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கணையப் புற்று என்றார்கள், ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டியிருந்தது. வலி இல்லாத மஞ்சள், பித்தக்குழாயைக் கணையக் கட்டி அழுத்துவதாலும் வரும் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. இன்று உங்களுக்குத் தெரியும்.

இவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம்

- வலி இல்லாமல் கண், தோல் மஞ்சளாவது, சிறுநீர் கருத்து, மலம் வெளுத்துப் போவது
- மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் வலி
- காரணமில்லாமல் எடை குறைவது, பசி போவது
- 50 வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வந்து, கூடவே உடம்பும் இளைப்பது
- மலம் எண்ணெய்ப் பசையாக மிதப்பது

இவை வேறு நோயாலும் வரலாம். எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போகும்போது பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் எடுத்துப் போங்கள். பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். குழுவின் உள்கடன் இதற்கும்தான்.

கேள்வி கேட்ட அக்காவின் வீட்டுக்காரருக்கு இப்போது புற்று இல்லை, நாள்பட்ட வீக்கம்தான். குடியை விட்டுவிட்டார். பீடியை இன்னும் விடவில்லை. "அதையும் விட வைக்கிறேன் பாருங்க" என்கிறார் அக்கா.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் யார் வீட்டிலாவது வயிற்று வலிக்கு மாதக்கணக்கில் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறார்களா?
2. மஞ்சள் வந்தால் நம் ஊரில் முதலில் எங்கே போகிறோம்?
3. குடியையும் பீடியையும் விட முயல்கிற குடும்பத்துக்குக் குழு என்ன உதவி செய்யலாம்?